விடிந்ததைச் சொல்ல ஆள் வேண்டாமா?



மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் பாங்கு சொல்ல இருவர் இருந்தார்கள். ஒருவர் ஹஸ்ரத் பிலால் (ரலி). அவர்களை நம் வீட்டுச் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். மற்றவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி). இவர்களைப் பற்றி நம் மேடைகளில் அதிகம் பேசக் கேட்பதில்லை. இவர்கள் பார்வையற்றவர்கள்.

ரமளானில் பிலால் (ரலி) அவர்கள் இரவு மீதம் இருக்கும்போதே ஒரு பாங்கு சொல்வார்கள். அதைக் கேட்டு யாரும் ஸஹரை நிறுத்த வேண்டியதில்லை. இப்னு உம்மி மக்தூம் (ரலி) சொல்லும் பாங்கு வரை உண்ணலாம், பருகலாம் என்பது நபிகளாரின் உத்தரவு. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இந்த ஹதீஸ் வருகிறது. அதோடு ஒரு சிறு விளக்கமும் சேர்ந்து வருகிறது: அவர்களுக்குக் கண் தெரியாது, விடிந்துவிட்டதென்று மக்கள் வந்து சொன்ன பிறகே அவர்கள் பாங்கு சொல்வார்கள்.

இதைச் சற்று நிதானித்து எண்ணிப் பாருங்கள். விடியல் என்பது கண்ணால் பார்த்து அறியும் விஷயம். கீழ்வானில் வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து பிரிகிறதா என்று பார்த்துத்தான் நோன்பு தொடங்குகிறது. பாங்கைவிடச் சுலபமான வேலை எத்தனையோ இருந்திருக்கும். ஆனால் கண்ணே முக்கியமான அந்த வேலையைக் கண்ணில்லாத ஒருவரிடம் நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்படைத்தார்கள். ஓர் ஊரின் நோன்பு முழுவதும் அவருடைய குரலை நம்பி இருந்தது. அவரிடம் இல்லாத ஒன்றை, அதாவது பார்வையை, அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேலை அவருடையது, விடிந்ததைச் சொல்வது ஊராருடைய பொறுப்பு.

உதவி என்று நாம் எதைச் சொல்கிறோம்? வெள்ளிக்கிழமை வாசலில் நீட்டிய கையில் போடும் சில்லறையையா? பெருநாளுக்கு அனுப்பி வைக்கும் ஒரு கைலியையா? அவற்றுக்கும் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நபிகளாரின் பள்ளிவாசலில் நடந்தது அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பெயரோடு திருக்குர்ஆனின் 80-ஆம் அத்தியாயம் பிணைந்திருப்பதை ஆலிம்கள் அறிவார்கள். மக்காவில் குறைஷித் தலைவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் மார்க்கம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் வந்தார்கள். அந்தப் பெரிய மனிதர்கள் கேட்டு நேர்வழி அடைந்தால் ஊரே நேராகுமே என்ற ஆவல் நாயகத்துக்கு. நடுவில் குறுக்கிட்டதால் முகம் சுளித்தது. உடனே ஆயத்து இறங்கிற்று. அல்லாஹ் எதை எடுத்துச் சொல்கிறான் என்று கவனியுங்கள். வந்தவர் பசியால் வந்தார் என்றோ, அவருக்கு இரக்கம் காட்ட வேண்டும் என்றோ அங்கே சொல்லப்படவில்லை. அவர் கற்றுத் தெளிவு பெற விரும்பி ஓடி வந்தார் என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. பார்வையற்றவர் ஒருவர் கேட்டு வந்தது கல்வியை! அந்தக் கல்வியைத் தள்ளிப்போட்டதற்காகவே வஹீ இறங்கியது என்றால், நம் ஓதும் பள்ளிகளின் வாசலைப் பற்றி நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

தென்காசி, கடையநல்லூர், வடகரை, புளியங்குடி, பொட்டல்புதூர் என்று நம்மவர்கள் நிறைந்து வாழும் ஊர்கள் இந்த வட்டாரத்தில் பல. ஒவ்வொரு மஹல்லாவிலும் சந்தாக் கணக்கு நோட்டு இருக்கிறது. எத்தனை தலைக்கட்டு, யார் பாக்கி, யார் வெளிநாட்டில் என்பதெல்லாம் அதில் இருக்கும். நடக்க இயலாத பிள்ளை எத்தனை வீட்டில், காது கேளாத பிள்ளை எத்தனை வீட்டில், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளை எத்தனை வீட்டில் என்று எந்த நோட்டில் பார்க்கலாம்? 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர் என்று எண்ணப்பட்டது. அவ்வளவு பேரும் வேறெங்கோ இல்லை. நம் தெருவிலும் இருக்கிறார்கள். உள்ளறையில் இருக்கிறார்கள். விருந்தாளி வந்தால் கதவு சாத்தப்படுகிறது.

முன்பு நொண்டி, செவிடு, பைத்தியம் என்று வாய்கூசாமல் சொன்னோம். பிறகு ஊனமுற்றோர் என்றோம். இப்போது மாற்றுத் திறனாளி என்று சர்க்கார் காகிதங்களில் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். சொல் மாறிய வேகத்தில் அந்தக் கதவும் திறந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கதவு சாத்தப்படுவதற்குக் காரணம் வெட்கம். வெட்கத்துக்குக் காரணம் ஊர்வாய். பிள்ளைக்கு ஒன்றென்றால் உடனே பெற்றவளைப் பார்த்து விரல் நீளுகிறது. கிரகணத்தில் வெளியே போனாளாம், யாரையோ வயிறெரியச் செய்தாளாம், வாப்பா சேர்த்த காசு சரியில்லையாம். ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பது திருமறையின் (6:164) தெளிவான தீர்ப்பு. கிரகணம் யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் பிடிப்பதில்லை என்று தம் சொந்தக் குழந்தை இப்ராஹீம் மறைந்த நாளிலேயே நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஒரு தாயின் தலையில் பழியைப் போடுகிறவர், தாம் பேசுவது இன்னதென்று அறிந்துதான் பேசுகிறாரா?

தாய்மார்களே, இனி சொல்லப்போவது உங்களுக்கு. நான்கு மாதம் ஆகியும் பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை, ஒன்பது மாதம் ஆகியும் உட்காரவில்லை, ஒன்றரை வயதிலும் நடக்கவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால், காத்திருக்காதீர்கள். "உன் மாமாகூட மூணு வயசிலதான் பேசினான்" என்று வீட்டில் பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அது பாசத்தில் சொல்வது. ஆனால் மூளை மிக வேகமாக வளருவது முதல் சில ஆண்டுகளில்தான். அப்போது கொடுக்கும் பயிற்சி பிடிக்கிற மாதிரி பத்து வயதில் கொடுப்பது பிடிக்காது. பிறவியிலேயே பாதம் உள்வளைந்த குழந்தைக்குப் பிறந்த சில வாரங்களிலேயே மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டு வந்தால், பெரும்பாலும் பெரிய அறுவை இல்லாமலே கால் நேராகிவிடுகிறது. முற்றிலும் காது கேளாத குழந்தைக்கு உட்செவிக் கருவி பொருத்தும் சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. ஆனால் ஆறு வயதுக்குள் கொண்டுபோக வேண்டும். ஏழு வயதில் கொண்டுபோய் நின்று அழுவதில் பயனில்லை.

இதற்கெல்லாம் எங்கே போவது என்று கேட்பீர்கள். சென்னைக்கும் வேலூருக்கும் முதலில் ஓட வேண்டாம். தென்காசியிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் ஆய்க்குடி இருக்கிறது. அங்கே அமர் சேவா சங்கம் என்ற நிறுவனம் இருக்கிறது. அதன் வரலாறு கேட்கத் தக்கது.

ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் படித்துக்கொண்டிருந்த இளைஞர். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் சென்றார். உடற்பயிற்சித் தேர்வின்போது உயரத்திலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப் போயிற்று. அவ்வளவுதான் வாழ்க்கை என்று படுத்துக்கொள்ள அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. 1981-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டிலேயே தம் ஊரில், ஒரு சில பிள்ளைகளோடு, அவர் இந்தச் சங்கத்தை ஆரம்பித்தார். தமக்குச் சிகிச்சை அளித்துத் தைரியம் சொன்ன விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் அவர்களின் நினைவாகவே 'அமர்' என்று பெயர் வைத்தார். 1992-இல் எஸ். சங்கரராமன் என்பவர் வந்து சேர்ந்தார். பட்டயக் கணக்காளர், தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோயுள்ளவர், சக்கர நாற்காலியில் இருப்பவர். நிறுவனத்தை நடத்தும் பொறுப்பில் அவரும் தோள் கொடுத்தார். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. எழுந்து நிற்க இயலாத இருவர் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை நிற்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், பார்த்துப் படிக்க வேண்டியது ஒன்று அங்கே இருக்கிறதா இல்லையா?

அங்கே ஊனமுற்ற பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் பள்ளிக்கூடம் உண்டு. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி உண்டு. தசைப் பயிற்சி உண்டு. காலுக்கு இரும்புத் தாங்கியும் செயற்கைக் காலும் செய்துகொடுக்கிறார்கள். முதுகுத் தண்டு அடிபட்டவர்கள் மறுபடி வாழப் பழகும் பிரிவும், தொழில் பயிற்சியும் உண்டு. ஆனால் நம்மை அதிகம் கவர்வது வளாகத்துக்கு வெளியே நடக்கும் வேலை. அவர்களுடைய ஊழியர்கள் கிராமம் கிராமமாக வீடு தேடிப் போகிறார்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கண்டுபிடித்து, அந்தந்த வீட்டுத் தாய்க்கே பயிற்சி கற்றுத் தருகிறார்கள்.

பயிற்சி என்றதும் ஏதோ பெரிய யந்திரம் என்று எண்ண வேண்டாம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை மல்லாத்திப் படுக்க வைத்துக் கஞ்சி புகட்டினால் புரையேறி நெஞ்சில் சளி கட்டுகிறது. நிமிர்த்தி, தலையைச் சற்று முன்பக்கம் தாங்கி, சிறு கரண்டியால் நிதானமாகக் கொடுக்க வேண்டும். விறைத்த காலை இழுத்து நேராக்கக் கூடாது. மெல்ல மடக்கி நீட்டிப் பழக்க வேண்டும். மூலையில் தலையணை வைத்து உட்கார வைத்தால் இரண்டு கையும் விளையாட விடுபடும். இப்படித்தான் தொடங்குகிறது. தினமும் அரை மணி, ஒரு மணி என்று தாய் செய்தால், வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட அதிகப் பலன் உண்டு. மாமியாரும் நாத்தனாரும் அந்த அரை மணிக்கு அடுப்பைப் பார்த்துக்கொண்டால், அதுவே விடிந்ததைச் சொல்லும் வேலை.

தாய்மார்களும் தகப்பன்மார்களும் கூடிப் பேசும் குழுக்கள் இருப்பதும் அங்கே பெரிய லாபம். இத்தகைய பிள்ளையைப் பெற்றவர் பெரும்பாலும் தனியே அழுகிறார். இன்னொருவர் வீட்டிலும் இதே பாடுதான் என்று தெரிந்த அன்றே பாதிச் சுமை குறைந்துவிடுகிறது. தவிர, எந்த அலுவலகத்தில் எந்தப் பாரத்தை எழுதிக் கொடுப்பது என்பதை எந்தப் படித்த அதிகாரியையும்விட, ஏற்கெனவே அலைந்த ஒரு தாய் நன்றாகச் சொல்வாள்.

"அது பிற சமயத்தார் நடத்தும் இடமாயிற்றே, நம் பிள்ளையை அங்கே கொண்டுபோகலாமா?" என்று சிலர் கேட்பது நம் காதில் விழாமல் இல்லை. ஹிஜ்ரத்தின்போது, கொலைகாரர்கள் துரத்திய அந்தப் பயணத்தில், நாயகம் (ஸல்) அவர்களுக்கும் அபூபக்ர் (ரலி) அவர்களுக்கும் பாலைவன வழி காட்டியவர் யார்? அப்துல்லாஹ் இப்னு உரைகித். அவர் அப்போது முஸ்லிம் அல்லர். வழி அறிந்தவர், வாக்குத் தவறாதவர் என்பதால் கூலி பேசி அமர்த்தினார்கள். தங்கள் ஒட்டகங்களையே முன்கூட்டி அவரிடம் நம்பிக் கொடுத்தார்கள். தம் உயிரையே நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்படைத்த முறை இது. பிள்ளையின் காலுக்குத் தாங்கி வாங்க நாம் தயங்குவது எந்த மார்க்கத்தில் உள்ளது? அங்கே போனால் தொழுகை நேரம் வரும்; தொழுதுகொள்ளுங்கள். பிள்ளைக்கு என்ன உணவு ஆகும், எது ஆகாது என்று சொல்லுங்கள். அவ்வளவே.

அரசாங்கத்தின் வாசலையும் தட்டத் தெரிய வேண்டும். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களையே ஏற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. தசைச் சிதைவு, ஆட்டிசம், தலசீமியா ஆகியவையும் அதில் அடக்கம். அளவு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை அந்தச் சட்டத்தின்படி உண்டு. எல்லாவற்றுக்கும் முதல் படி மருத்துவச் சான்றும், நாடு முழுவதும் செல்லும் அடையாள அட்டையும். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது முதல் இதற்காகத் திருநெல்வேலிக்கு அலைய வேண்டியதில்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாதாந்தர உதவித்தொகையைத் தமிழக அரசு 2023-இல் 2,000 ரூபாயாக உயர்த்தியது. வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. இவை தர்மம் அல்ல, உரிமை. வாங்கக் கூச்சப்படுகிற குடும்பங்கள் நம்மில் இருக்கின்றன. "நம்ம குடும்பத்துல போய் பணம் வாங்கறதா?" என்ற கௌரவம்! அந்தக் கௌரவத்துக்கு விலை கொடுப்பது பிள்ளைதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்ல நா எழவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் கருகி மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர், பெற்றவர்கள், உடன்பிறந்தவர்கள். பல மதத்தாரும் இருந்தார்கள். நோய் தீரும் என்ற நம்பிக்கையிலும், வீட்டில் வைத்துப் பார்க்க வழி தெரியாத கையறு நிலையிலும் விட்டுவிட்டுப் போனவர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துவிட்டது. ஆயினும் வீட்டுக்குள் தாழ்ப்பாளுக்குப் பின்னால் சங்கிலி இல்லையென்று நாம் சத்தியம் செய்ய முடியுமா? வலிப்புக்கு மாத்திரை இருக்கிறது. மனநோய்க்கும் மருந்து இருக்கிறது. நோயைத் தந்த அல்லாஹ் மருந்தையும் தந்திருக்கிறான், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிவாக்கின் சாரம். துஆவும் ஓதுங்கள், மாத்திரையும் கொடுங்கள். ஒன்றுக்காக மற்றதை விடச் சொல்பவர் எவரானாலும் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

மதீனாவில் புத்தி சற்றுப் பேதலித்த ஒரு பெண்மணி இருந்தார். "உங்களிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது" என்ற கருத்தில் நாயகத்தை அழைத்தார். எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நில், உன் தேவையைக் கேட்கிறேன் என்று சொல்லி, அவருடன் பாதையோரத்தில் ஒதுங்கி நின்று, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி இது. அந்தப் பெண்ணுக்கு என்ன தேவை இருந்தது என்று ஹதீஸில் இல்லை. முடியும்வரை கேட்டார்கள் என்பது மட்டும் இருக்கிறது.

இனி நம் பள்ளிவாசலுக்கு வருவோம். சலவைக்கல், குளிர்சாதனம், தொங்கு விளக்கு எல்லாம் வந்துவிட்டன. வாசலில் நான்கு படி. பக்கத்தில் ஒரு சாய்தளம் இல்லை. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் சரிவு கட்டினால் சக்கர நாற்காலியைத் தாமே தள்ளிக்கொண்டு ஏறலாம். செங்குத்தாகக் கட்டிவிட்டு "கட்டியாச்சு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஹவுளுக்குப் பக்கத்தில் உயர்ந்த ஆசனமும் ஒரு குழாயும், பிடித்து எழக் கைப்பிடியும் போதும். நாற்காலிச் சக்கரம் அசுத்தம் என்று தடுக்கிறார்கள் சிலர். செருப்பில் அசுத்தம் இருந்தால் தரையில் தேய்த்துத் துடைத்துவிட்டு அதோடு தொழலாம் என்று வழிகாட்டிய மார்க்கம் இது. ஒரு ஈரத்துணி இருந்தால் சக்கரமும் சுத்தமாகிவிடும். நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட சட்டம், நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் பாடமாக இருக்கிறது. அந்தச் சட்டம் பயன்பட வேண்டியவர் படிக்குக் கீழே நின்றுவிட்டால் என்ன செய்வது?

ஓதிக் கொடுப்பதிலும் இப்படியே. பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெயில் எழுத்தில் குர்ஆன் அச்சாகிறது. கேட்டு மனனம் செய்வது அவர்களுக்குப் புதிதும் அல்ல. காது கேளாத பிள்ளைக்குச் சைகையில் ஒளுவும் தொழுகையும் கற்றுத்தர ஒருவரைப் பழக்கலாம். வாய் பேசாதவரின் தெளிவான சைகை நிக்காஹிலும் வியாபாரத்திலும் பேச்சாகவே ஏற்கப்படும் என்று பிக்ஹு நூல்கள் சொல்லும்போது, குத்பாவுக்கு மட்டும் சைகை வேண்டாமா? அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளை அலிஃப், பா வரை வந்து நின்றாலும் நிற்கட்டும். அதன் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, குற்றம் எழுதப்படாது. ஆனால் பாயில் மற்றப் பிள்ளைகளோடு உட்காரும் உரிமை அதற்கு இருக்கிறது. மக்காவில் ஹஜ்ஜுக் காலத்தில் பத்வா சொல்லும் தகுதி அதாவு இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்களுக்கே என்று அறிவிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. ஒற்றைக் கண், வளமில்லாத கை, நொண்டிய கால். பிற்காலத்தில் இருந்த கண்ணும் போயிற்று. யாரோ ஓர் உஸ்தாத் அவரை வாசலில் நிறுத்தியிருந்தால் அந்த இல்மு நமக்கு வந்திருக்குமா?

ஜகாத்தைப் பற்றி ஒரு மஸ்அலா. ஊனம் என்பதே ஜகாத் பெறும் தகுதி ஆகாது, ஏழ்மைதான் தகுதி. தகப்பன் தன் பொறுப்பிலுள்ள பிள்ளைக்குத் தன் ஜகாத்தைக் கொடுக்க முடியாது. ஏழை ஒருவருக்குச் சக்கர நாற்காலியோ தாங்கியோ வாங்கி அவருக்கே சொந்தமாகக் கொடுத்தால் ஜகாத் நிறைவேறும். சாய்தளம் கட்டுவது சதக்காவிலும் வக்பிலும் செய்ய வேண்டிய வேலை. தொழில் தெரிந்த ஏழைக்கு அந்தத் தொழிலின் கருவி வாங்கும் அளவு கொடுக்கலாம் என்பது ஷாபிஈ மத்ஹபு நூல்களில் இருக்கிறது. ஆய்க்குடியில் தையல் கற்று வந்த பெண்ணுக்கு ஜகாத்தில் ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தால், அடுத்த ரமளானில் அவள் பெயர் ஜகாத் பட்டியலில் இருக்காது, இன்ஷா அல்லாஹ்.

விருந்திலும் உல்லாசத்திலும் இவர்கள் இல்லாமல் போவது ஏன்? குருடரோடும் முடவரோடும் நோயாளியோடும் சேர்ந்து உண்பதில் அந்தக் காலத்து மக்களுக்கு ஒரு கூச்சம் இருந்தது. அவர்களுக்கும் கூச்சம் இருந்தது. சூரா நூரின் 61-ஆம் வசனம் அந்தக் கூச்சத்தை எடுத்துவிட்டது. சாரல் தொடங்கினால் குற்றாலத்துக்குத் தமிழ்நாடே வருகிறது. பத்து மைலுக்குள் இருக்கும் நாம் வருஷத்துக்கு நான்கு தடவை போகிறோம். வேன் பிடிக்கிறோம், பிரியாணி கட்டுகிறோம். அந்த ஒரு பிள்ளையை மட்டும் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறோம். பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டமும் வழுக்கலும் உண்டு, உண்மைதான். வார நாளில், அதிகாலையில், புலியருவிக்குப் போங்கள். அங்கே தண்ணீர் தணிவாக விழும். குழந்தைகளை நனைக்கத் தோதான இடம். இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் போதும். தலையில் சாரல் பட்டதும் அந்தப் பிள்ளை போடும் கூச்சலைக் கேட்டிருக்கிறீர்களா?

பெற்றவர்களின் நெஞ்சில் கிடக்கும் கடைசிக் கேள்விக்கு வருகிறோம். "எங்களுக்குப் பிறகு யார்?" பகலில் இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பலவீனமான சந்ததியை விட்டுப் போக நேர்ந்தால் எப்படி அஞ்சுவார்களோ அப்படி அஞ்சட்டும் என்று திருமறை (4:9) இந்தப் பயத்தைத் தொட்டே பேசுகிறது. பொருளை நிர்வகிக்கத் தெரியாதவரிடம் செல்வத்தை ஒப்படைக்காமல், அதிலிருந்து அவருக்கு உணவும் உடையும் கொடுத்து, அவரிடம் இனிமையாகப் பேச வேண்டும் என்பது அதே அத்தியாயத்தின் 5-ஆம் வசனத்தின் கருத்து. உணவு, உடை என்பதோடு பேச்சையும் சேர்த்த இறைவனின் கருணையைப் பாருங்கள்.

ஆனால் நடப்பது என்ன? தகப்பன் மவுத்தானதும், "அவனுக்கு என்ன தெரியும், சோறு போட்டால் போதும்" என்று அவன் பங்கை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்வதைப் பார்க்கிறோம். வாரிசுரிமையில் ஊனம் ஒரு குறைவே அல்ல. முழுப் பங்கு உண்டு; ஒரு சல்லி குறையாது. அதை விழுங்குபவர் விழுங்குவது பலவீனரின் சொத்து. ஹயாத்தோடு இருக்கும்போதே அந்தப் பிள்ளையின் தேவைக்காகச் சற்று அதிகம் ஒதுக்குவதற்கு உலமாக்கள் அனுமதி சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளை உட்கார வைத்து, காரணம் சொல்லி, சம்மதம் பெற்றுச் செய்வது நல்லது.

சர்க்கார் பக்கமும் வழி இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்கு வகையினருக்காக இயற்றப்பட்டது. பதினெட்டு வயது நிறைந்த பிறகு இத்தகைய பிள்ளைக்குத் தாயும் தகப்பனும்கூடச் சட்டப்படி தாமே பாதுகாவலர் ஆகிவிட முடியாது. கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவில் மனுக் கொடுத்து நியமனம் பெற வேண்டும். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் அந்தப் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் கணக்கும் காட்ட வேண்டும். எழுத்தும் சாட்சியும் கணக்கும் கேட்கும் இந்த முறை, 2:282-ஆம் வசனத்தை ஓதியவருக்கு அந்நியமாகத் தெரியாது. எழுதச் சொல்ல இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்லட்டும் என்று அங்கேயும் வருகிறது. அதே சட்டத்தின் கீழ் நடக்கும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை செலவுக்கு இடமுண்டு.

இந்த மனுக்களை எழுதத் தெரிந்த வாலிபர்கள் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கிறார்கள். இஷா தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வராந்தாவில் வாரம் ஒருநாள் ஒரு மேஜை போட்டு உட்காருங்கள். சந்தா நோட்டோடு இன்னொரு நோட்டும் இருக்கட்டும். அதில் முதல் பக்கத்தில் எழுத வேண்டிய பெயர்கள் எந்தெந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன என்று மோதினாருக்குத் தெரியும். அவரை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். பெண்கள் இருக்கும் வீட்டுக்குப் பெண்களை அனுப்புங்கள். பிள்ளைக்கு என்ன என்று விசாரிப்பதற்கு முன்னால் அதன் பெயரைக் கேளுங்கள்.